ஆணி போடும் உத்தியோகம்

என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. பிறக்கும்போது அப்படி இல்லையாம். மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகிற போக்கில் காலின் சதையையும் பாதி எடுத்துக்கொண்டு போய்விட்டது. தட்டையான தரையில் நடந்தால் கொஞ்சம் ஆடுவேன், அவ்வளவுதான். ஆனால் லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவளுக்குத் தட்டையான தரையை யார் தருவது? கடவுள் எங்கள் மலையைச் செய்தபோது இரண்டு காலும் ஒழுங்காக இருப்பவர்களை மட்டும்தான் மனதில் வைத்திருந்தார். அதன் மேல் தேயிலையை நட்ட வெள்ளைக்காரனும் என்னைக் கேட்கவில்லை.

அதனால் என்னை ஸ்டோரில் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். மலையில் பறித்த கொழுந்து அங்கே மாடியில் வாடி, உருளையில் நசுங்கி, சூட்டில் காய்ந்து, சல்லடையில் தரம் பிரிந்து, கடைசியில் எங்கள் மேசைக்கு வரும். மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்து பெண்கள். தூளைக் கையால் பரப்பி, சிவப்புக் குச்சி, நார், சாக்கு நூல், யார் தலையிலிருந்தோ விழுந்த முடி, எப்போதாவது ஒரு கம்பித் துண்டு என்று வேண்டாததையெல்லாம் பொறுக்கி எடுப்போம். சுத்தமானது கப்பலேறிப் போகும். மிச்சம் மீதியைத் தேயிலை என்று சொல்லி எங்களுக்குத் தருவார்கள். நாங்களும் தேயிலை என்று நம்பிக் குடிப்போம்.

ஒரு நாள் வேலையை ஒழுங்காக முடித்தால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அன்றைக்கு ஒரு 'பேர்' விழும். மலையில் சொன்ன நிறைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர்தான். அரைப் பேருக்கு அரைச் சம்பளம். அரைப் பேராகவே விழுந்துகொண்டிருந்தால் ஒரு நாள் பேரையே வெட்டிவிடுவார்கள். பேர் போனால், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் நமக்குள்ள ஒற்றை அறைக் காம்பராவும் போகும். நானும் அம்மாவும் குடியிருந்த காம்பரா என் பேரில்தான் இருந்தது. அம்மா கண் மங்கி, வேலையிலிருந்து நின்றுவிட்டாள். ஆக, அந்தப் பொறுக்குகிற மேசை இருக்கும்வரை எங்கள் தலைக்கு மேல் தகரம் இருக்கும். மேசை போனால் நான் மலைக்குப் போக வேண்டும். மலைக்குப் போனால் என்ன ஆகும் என்று என் கால் அப்போதே சொல்லிவிட்டது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. லயத்தில் பாதிக் குடும்பங்கள் இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பேர் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தன. அந்த நேரத்தில்தான் கடல் கடந்து ஒரு செய்தி வந்தது. எங்கள் தேயிலையில் இரும்பு இருக்கிறதாம். ஏதோ ஒரு தேசத்து வியாபாரி கண்டுபிடித்துவிட்டாராம். கண்டுபிடித்த துண்டையும் பத்திரமாக அனுப்பியிருந்தார். பட்டாணி அளவுகூட இல்லை. தோட்டத்தை நடத்துகிற சிங்களப் பெரிய தொரை அதை மேசை மேல் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் ஸ்டோருக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளை ஆள் ஊக்கு போடுது. ஊக்கு தூளில் விழுது. சரிதானே?"

"சரி சேர். ஊக்காத்தான் இருக்கும்," என்றார் டீமேக்கர்.

டீமேக்கர் என்றால் ஸ்டோருக்குப் பொறுப்பானவர். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தொரை சொல்வது சரியா பிழையா என்று யோசிப்பது தன் வேலை இல்லை என்பதில் மட்டும் மிகத் தெளிவாக இருந்தார். ஸ்டோர் முழுக்க ஆணி, போல்ட், தகரம், கம்பி, பல்சக்கரம். கூரையிலிருந்து துருகூடச் சில நாள் உதிரும். ஆனால் குற்றவாளி எங்கள் ஜாக்கெட்டில்தான் ஒளிந்திருந்தான். அன்றிலிருந்து ஊக்குக்குத் தடை. நாங்கள் காலையில் ஜாக்கெட்டை நூலால் தைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் வீட்டில் வெட்டிக் கழற்றினோம்.

அதுவும் போதவில்லை. தொரைக்கு மிஷின் பிடிக்கும். கொழும்பிலிருந்து லொறியில் ஒரு மிஷின் வந்து இறங்கியது. உலோகம் கண்டுபிடிக்கிற மிஷின். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு நீளக் கட்டில், அதன் மேல் ஓடுகிற ரப்பர் பட்டை, நடுவில் ஒரு சதுர வாசல். தூள் பட்டையில் ஏறி, வாசலுக்குள் நுழைந்து, மறுபக்கம் வந்து, கீழே வைத்திருக்கும் பெட்டியில் விழும். தூளில் உலோகம் இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, மணி அடித்து, பட்டை நின்றுவிடும். விருந்தாளிகள் வந்தால் முதலில் கண்ணில் படவேண்டும் என்று ஜன்னலோரத்தில் வைத்தார்கள். அங்கே எங்கள் மேசை இருந்தது. அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள்.

மிஷின் குச்சியையும் நாரையும் முடியையும் பார்க்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், குச்சியைப் பற்றிப் புகார் வந்ததா என்று தொரை திருப்பிக் கேட்டிருப்பார். அவர் கேள்வியும் நியாயம்தான்.

எங்கள் ஸ்டோரில் புது மிஷின் எதுவும் பூசை போடாமல் ஓடியதில்லை. உருளையும் அடுப்பும் சல்லடையும் சந்தனம் குங்குமம் பூசிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கின. இதற்கும் மாரியம்மன் கோயில் பூசாரி வந்தார். தேங்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார், சூடம் காட்டினார். ஆயுத பூசைக்கென்று பதுளையில் வாங்கி வைத்திருந்த ஜிகினா மாலையை எடுத்து மிஷினின் வாசலைச் சுற்றிக் கட்டினார். மெல்லிய கம்பியில் வெள்ளியும் தங்கமுமாகச் சுற்றிய மாலை. ஜொலித்தது. தொரையே இரண்டு தரம் "லஸ்ஸன" என்று சிங்களத்தில் அதன் அழகை மெச்சினார். பூசையில் சாத்திய மாலையை அடுத்த பூசைக்குத்தான் இறக்குவது என்பது எங்கள் வழக்கம். அதற்கு முன் கைவைத்தால் கைவைத்தவனை உருளை கடித்துவிடும் என்று ஸ்டோரில் எல்லாருக்கும் தெரியும்.

பட்டையை ஓடவிட்டார்கள். கட்டில் அதிர்ந்தது. மாலை ஆடியது. மணி அடித்தது.

"பார்! இரும்பு!" என்று தொரை கை தட்டினார்.

நிறுத்தி, அந்தத் தூளைச் சாக்கில் ஒதுக்கிவிட்டு, மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடி அடித்தது. அன்று சாயங்காலம்வரை அடித்துக்கொண்டே இருந்தது. நல்ல தேயிலை சாக்குச் சாக்காக இரும்பு என்று சொல்லி மூலையில் அடுக்கப்பட்டது. சாக்கைக் கொட்டித் தேடினால் ஒன்றும் இல்லை. அவ்வளவு சின்ன இரும்பாம், மனுஷக் கண்ணுக்குத் தெரியாதாம். இத்தனை இரும்பையும் இத்தனை வருஷமாக நாங்கள் ஐந்து பேரும் கோட்டை விட்டிருக்கிறோம் என்பது அன்றோடு ருசுவாகிவிட்டது.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் எங்கள் பேரை வாசித்தார்கள். நாலு பேருக்கு மலை. எனக்கு மட்டும் ஸ்டோர். மணி அடித்துப் பட்டை நின்றால், மறுபடி ஓட விடுவதற்கு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று டீமேக்கர் தொரையிடம் சொல்லியிருந்தார்.

"நீ இருந்தபடியே அமுக்கலாம் பிள்ளை. உனக்குக் கால் ஏலாதுதானே," என்றார்.

வாழ்க்கையில் முதன்முறையாக என் கால் எனக்கு ஒரு உபகாரம் செய்தது. சந்தோஷப்பட வேண்டும். பட முடியவில்லை. எங்கள் மேசையில் வாய்க்காரி அக்கா ஒருத்தி இருந்தாள். எங்களில் மூத்தவள். காலையில் உட்காரும்போது திறந்த வாயைச் சங்கு ஊதும்போதுதான் மூடுவாள். ஸ்டோருக்கு வந்த புதிதில், படி ஏற மாட்டாமல் நான் நின்ற நாளெல்லாம், திட்டிக்கொண்டே கையைப் பிடித்து ஏற்றிவிட்டவள் அவள்தான். இப்போது அவளும் மற்ற மூன்று பேரும் சாயங்காலம் நனைந்த சேலையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு, ஜன்னலைத் தாண்டிப் போவார்கள். நான் பொத்தானைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன். அக்கா ஒரு நாளும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசவில்லை. அவள் பேசாமல் போனது எனக்குத் திட்டியதைவிட வலித்தது.

மணி ஓயாமல் அடித்ததால் வேலை நடக்கவில்லை. கடைசியில் மிஷினைக் கொடுத்த இடத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். சின்ன வயது சிங்களப் பையன். மிஷினைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். சிரித்தான். மாலையை அவிழ்த்தான்.

"ஐயய்யோ, சாமிக்குச் சாத்துனதுங்க! கைய வைக்காதீங்க!" என்று பூசாரி ஓடிவந்தார்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. மரியாதையாக மாலையைப் பூசாரி கழுத்திலேயே போட்டுவிட்டு, தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிஷின் வாயை மூடியது. உருளையும் அவனைக் கடிக்கவில்லை.

அடித்ததெல்லாம் ஜிகினாதான் என்று தெரிந்துவிட்டதால், நாலு பேரையும் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். முன்பு மிஷின் அடித்தது, அதனால் அவர்கள் தேவையில்லை. இப்போது மிஷின் அடிக்கவில்லை, அதனால் தேயிலை சுத்தம், ஆகவே இப்போதும் அவர்கள் தேவையில்லை. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது?

ஆனால் மிஷின் அடிக்காமல் இருப்பதிலும் ஒரு சங்கடம் இருந்தது. தொரை தினமும் வருவார்.

"இன்னைக்கு எத்தனை பிடிச்சது?"

"ஒண்டும் இல்லை சேர்."

தொரையின் முகம் வாடும். கொழும்பிலிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அவ்வளவு பெரிய விலை கொடுத்து வாங்கிய மிஷின் ஒன்றையும் பிடிக்கவில்லை என்றால், வாங்கியவரைப் பற்றி ஆட்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். திருடனே இல்லாத ஊரில் பொலிஸ்காரனை வைத்ததுபோல ஆகிவிட்டது. ஒரு நாள் தொரை போன பிறகு டீமேக்கர் என் பக்கத்தில் வந்து, கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு சின்ன ஆணி.

"பிள்ளை, இதைத் தூளுக்குள்ள போடு."

"தேயிலையிலயாங்க?"

"ஓம். மிஷின் வேலை செய்யுதோ எண்டு பாக்க வேண்டாமே?"

பார்க்க வேண்டியதுதான். அதில் தப்பு இல்லை. போட்டேன். விளக்கு எரிந்தது, மணி அடித்தது, பட்டை நின்றது. நான் ஆணியை எடுத்துக் கொடுத்தேன். டீமேக்கரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் தொரை கேட்டபோது "ஒண்டு பிடிச்சது சேர்" என்றார். தொரை மிஷினைத் தட்டிக் கொடுத்தார்.

அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் வந்தது. தேயிலையில் இரும்பு இருக்கக் கூடாது என்று அத்தனை பாடுபட்ட ஸ்டோரில், தேயிலையில் இரும்பு போடுவதற்கென்றே ஒரு ஆள், அதுவும் முழுப் பேரோடு. காலையில் ஒன்று போடுவேன், மதியத்துக்குப் பிறகு ஒன்று. மிஷின் பிடிக்கும். தொரை மகிழ்வார். எங்கள் தோட்டத்தின் மிஷினைப் பார்த்துவிட்டு மற்றத் தோட்டத்துத் தொரைமார் ஏக்கப்பட்டதாகக்கூடப் பேச்சு. மிஷின் வராத காலத்தில் நாங்கள் எவ்வளவு இரும்பை ஏற்றுமதி செய்திருப்போம் என்று நினைத்து அவர்கள் நடுங்கியிருக்க வேண்டும்.

ஆணி துருப்பிடித்துப் போனது. நான் ஞாயிற்றுக்கிழமை லுணுகலைக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று தெரிந்து, புது ஆணி வாங்கிவரும்படி டீமேக்கர் சொல்லிவிட்டார். கடையில் இருந்த பாய் எனக்குத் தெரிந்தவர்தான்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம்.

"என்னத்துக்கு புள்ள ஆணி? வீட்டு வேலையா?"

"இல்ல நானா. தேயிலையில போட."

ஆணியை நிறுத்துக்கொண்டிருந்த பாய் அப்படியே நின்றார். "தேயிலையில புளியங்கொட்டை கலக்குறத கேள்விப்பட்டிருக்கேன். இது என்ன, புதுசா ஈக்கிதே!"

"அரசாங்கத் தோட்டம் நானா. எல்லாம் முறைப்படி நடக்குது."

அவர் எதற்கும் இருக்கட்டும் என்று தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த தேயிலையைக் கொண்டுவந்து காட்டி, அது எங்கள் தோட்டத்துடையதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையிலிருந்தே கரண்ட் குறைந்து விளக்கெல்லாம் மங்கலாக எரிந்தது. அன்றைக்குப் பதுளை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகள் போக வேண்டும். லொறி வாசலில் நின்றது. பெட்டி அடைக்கிற ஆட்கள் அவசரத்தில் தூளைப் பட்டையில் கனமாக இறக்கினார்கள். நான் வழக்கம்போல ஆணியைப் போட்டேன். அது தூளுக்குள் புதைந்து வாசலுக்குள் போனது. மணிக்காகக் காத்திருந்தேன். மணி வரவில்லை. சத்தம் போட்டுப் பட்டையை நிறுத்தச் சொல்வதற்குள் பெட்டி நிறைந்து, அதை ஆட்கள் இழுத்துக்கொண்டுபோய் மற்றப் பெட்டிகளோடு வைத்துவிட்டார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி. ஆணி விழுந்த பெட்டி எது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

டீமேக்கரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, போட்ட ஆணி வரலீங்க."

"மணி அடிக்கேல்லையே?"

"அதத்தாங்க சொல்றேன். போட்டேன். அடிக்கல."

அவர் மிஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டில் யாரை நம்புவது என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"அடிக்கேல்லை எண்டால் நீ போடேல்லை, பிள்ளை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலில் இல்லாத பலமெல்லாம் எனக்கு நாக்கில் இருக்கிறது என்று அம்மா சொல்வாள்.

"அப்ப என் கையவும் அதுக்குள்ள விட்டுப் பாருங்க ஐயா. கை இருக்கா இல்லையான்னு மிஷினு சொல்லட்டும். இந்தத் தேயில அந்த வியாபாரிகிட்டயே போயி, அவரு ஆணியத் திருப்பி அனுப்புனா, எந்தக் கடையில வாங்குனதுன்னு நானே வந்து சொல்றேன்."

கடைசிச் சொல்தான் வேலை செய்தது. டீமேக்கரின் முகம் வெளுத்தது. தொரை அன்றைக்குப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார். அதற்குள் பெட்டிகளைத் திறந்து தேடி, மறுபடி அடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தேடுவதற்குக் கண் வேண்டும். கண்ணுக்கு ஆள் வேண்டும். மலைக்கு ஆள் அனுப்பி நாலு பேரையும் கூட்டிவரச் சொன்னார்.

அவர்கள் நனைந்து விறைத்து வந்தார்கள். சுவரில் சாய்த்திருந்த மேசையை நாங்களே இறக்கினோம். அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாதக் கணக்கில் பேசாததையெல்லாம் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொன்னாள்.

"குந்தித் திங்கச் சொன்னா, ஆணியவா திங்கக் குடுக்குற?"

எல்லாரும் சிரித்தோம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பெட்டி பெட்டியாகக் கொட்டிப் பரப்பித் தேடினோம். முதலில் கிடைத்தது என் ஆணி இல்லை. சல்லடையிலிருந்து அறுந்த ஒரு கம்பித் துண்டு. பிறகு ஒரு சின்ன வளையம், போல்டுக்கு அடியில் போடுகிற மாதிரி. அதன் பிறகு மடங்கிய தகரத் துணுக்கு ஒன்று. கடைசியாகத்தான் என் ஆணி வந்தது. நாலையும் ஒரு சாஸரில் வைத்தோம். மிஷின் நாலையும் வழியனுப்பி வைத்திருந்தது. டீமேக்கர் சாஸரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எங்களுக்கு இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். அது சுத்தமான தேயிலைத் தேத்தண்ணி. நான் ஸ்டோரில் குடித்த முதலும் கடைசியுமான நல்ல தேத்தண்ணி அதுதான்.

குடித்து முடிக்கவில்லை, தொரையின் ஜீப் வந்துவிட்டது. மழையால் அவர் நேரத்தோடு திரும்பியிருந்தார். திறந்த பெட்டிகளையும் மேசையையும் ஈரச்சேலைகளையும் சாஸரையும் பார்த்தார்.

"இது என்ன?"

டீமேக்கர் பாதியைச் சொன்னார். "ஒரு ஆணி, சோதிக்க எண்டு நாங்கள் போட்டது சேர்."

"மத்த மூணு?"

"அது எனக்குத் தெரியாது சேர்."

தொரை யோசித்தார். அவர் யோசிக்கும்போது எங்களுக்கு எப்போதும் பயம்.

"மிஷின் அடிக்கல்ல. அப்ப இரும்பு இல்ல. பொம்பளை ஆள் மலையில இருந்து வந்தது. வந்த உடனே இரும்பு வந்தது. உங்களுக்கு மிஷின் கெட்டது சொல்ல வேணும், மேசை திரும்ப வேணும். இரும்பு நீங்கதான் கொண்டு வந்தது." அவர் டீமேக்கர் பக்கம் திரும்பினார். "நாலு பேருக்கும் நாளைக்குப் பேர் வெட்டு."

அக்கா எழுந்துவிட்டாள். "தொரை, மேலெல்லாம் நனஞ்சு அட்டையோட ஓடியாந்திருக்கோம். இரும்ப எங்க சொருகிக் கொண்டாந்தோம்? மிஷினு கண்டுபுடிச்சா மிஷினுக்குப் பேரு. நாங்க கண்டுபுடிச்சா நாங்கதான் போட்டோமா?"

தொரைக்கு அது புரிந்ததோ இல்லையோ, பிடிக்கவில்லை. டீமேக்கர் தரையைப் பார்த்தார். மற்ற மூவரில் ஒருத்தி அழத் தொடங்கினாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், இந்தியாவுக்குப் பேர் கொடுத்துக் காத்திருந்தவள். பேர் வெட்டிவிட்டால், கப்பல் வரும்வரை அவள் எங்கே போய் நிற்பாள்?

எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவை நினைத்தேன், காம்பராவை நினைத்தேன். இத்தனை நாள் ஜன்னலில் குனிந்துகொண்டதையும் நினைத்தேன். இன்னொரு தரம் குனிய என்னால் முடியவில்லை.

"நாந்தாங்க தொரை போட்டேன். நாலும்."

எல்லாரும் திரும்பினார்கள். டீமேக்கர்தான் முதலில்.

"நாலா? ஏன்?" என்றார் தொரை.

ஏன் என்று ஒரு காரணம் வேண்டுமே. யோசிக்க நேரமில்லை.

"ஒரே ஆணியப் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சுங்க."

அக்காவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் வாய் திறந்தும் சத்தம் வராததை நான் பார்த்தது அன்று மட்டும்தான். டீமேக்கருக்கு ஒரு நொடியில் உயிர் வந்துவிட்டது.

"ஓம் சேர்! அதுதான் விஷயம். ஒண்டு போடச் சொல்ல, இவள் நாலைப் போட்டிருக்கிறாள். ஒரே நேரத்தில நாலு வந்தால் மிஷின் என்ன செய்யும்? குழம்பிப் போச்சுது."

தொரை மெல்லத் தலையாட்டினார். அவர் முகம் தெளிந்தது. மிஷின் குற்றமற்றது. அவர் வாங்கியதும் குற்றமற்றது. குழப்பியது ஒரு நொண்டிப் பெண். இதைவிட நல்ல முடிவு யாருக்குக் கிடைக்கும்? நாலு பேருக்கும் பேர் வெட்டவில்லை. எனக்கும் வெட்டவில்லை, அந்த அளவுக்குத் தொரை இளகிய மனசுக்காரர். நாளையிலிருந்து மலைக்குப் போகச் சொன்னார், அவ்வளவுதான். ஆணி போடும் வேலையைக் கணக்கப்பிள்ளை ஒருவரிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அது மரியாதையான பதவி ஆகிவிட்டது என்று கேள்வி.

மறுநாள் பெரட்டுக்குத் தடி ஊன்றிக்கொண்டு போனேன். கூடையின் கயிறு நெற்றியை அறுத்தது. கங்காணி என்னைப் பாதைக்குப் பக்கத்து நிரையில் நிறுத்தினார். அவரால் செய்ய முடிந்த தயவு அது. பாதைக்குப் பக்கம் என்றாலும் மலை மலைதான். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையில் தடியை எங்கே ஊன்றுவது என்று பார்ப்பதற்குள் மற்றவர்கள் நிரையின் பாதியில் இருந்தார்கள். இரண்டு தரம் விழுந்தேன். நான் எழும் முன் கூடையைத்தான் தூக்கி நிமிர்த்தினேன். வெயில் உச்சிக்கு வந்தபோது கூடையின் அடிகூட மூடவில்லை. முழு நிறைக்கு வாய்ப்பே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன். மலையில் அழுதால் யாருக்கும் கேட்காது என்பது ஒரு வசதி.

அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. மேல் நிரையிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு கையாலும் தன் கூடையிலிருந்து அள்ளி என் கூடையில் போட்டாள். மறுபடி அள்ளிப் போட்டாள்.

"என்னக்கா இது?"

"வாய மூடிக்கிட்டு பறி," என்றாள். அந்த வாய் அதைச் சொல்லிக் கேட்டது எனக்கு அதிசயமாக இருந்தது. மற்ற மூவரும் ஆளுக்கொரு பிடி போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் அன்றைக்கு மூன்று தரம் இறங்கி வந்தாள்.

சாயங்காலம் மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுத்தார்கள். மலைக்குப் பொறுப்பான கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார்.

"இம்புட்டும் நீயா எடுத்த?"

"ஆமாங்க."

"இந்தக் காலோடயா?"

"கொழுந்த கையாலதான ஐயா கிள்றது," என்றாள் பின்னால் நின்ற அக்கா.

அவர் கூடைக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். எது யார் கிள்ளியது என்று சொல்லுகிற மிஷின் எங்கள் தோட்டத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. எனக்கு முழுப் பேர் போட்டார். அடுத்து அக்காவின் கூடையைத் தராசில் மாட்டினார். முள் பாதியில் நின்றது.

"என்னா, ஒனக்குக் கொறையுது?"

"ஒடம்புக்கு முடியலீங்க," என்றாள் அக்கா.

அவளுக்கு அன்றைக்கு அரைப் பேர்தான் விழுந்தது.